மருந்தே வளர்த்த புழுக்கள்: செம்பனைத் தோட்டங்கள் கற்ற பாடம்

பூச்சியைக் கொல்வதற்காக அடித்த மருந்தே பூச்சியைப் பெருக்கிவிட்டது என்று ஒருவர் சொன்னால் எளிதில் நம்ப மாட்டோம். ஆனால், 1960-களின் தொடக்கத்தில் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் அதுதான் நடந்தது. இங்கே பணியாற்றிய பூச்சியியலாளர்கள் அதன் காரணத்தைக் கண்டறிந்து, எழுதி வைத்து, வெப்ப மண்டல நாடுகளுக்கெல்லாம் பாடமாகச் சொன்னார்கள். இன்று ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகம் என்று உலகம் முழுவதும் பேசப்படுகிறதே, அதன் தொடக்க கால வெற்றிகளில் ஒன்று நம் நாட்டுத் தோட்டங்களில் கிடைத்ததுதான்.

இந்த வரலாற்றில் நமக்கு இன்னொரு பங்கும் உண்டு. அந்தத் தோட்டங்களில் மருந்துத் தோம்பை முதுகில் சுமந்தவர்களில் பலர் தமிழர்கள். அதிலும் பெண்கள் அதிகம். மருந்து மரத்துக்கு என்ன கெடுதல் செய்கிறது என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணிக் கணக்கிட்ட தோட்டத்துறை, அதைச் சுமந்தவர்களுக்கு என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க ஏன் அவ்வளவு காலம் எடுத்துக் கொண்டது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக் கொண்டு பின்னோக்கிப் பார்ப்போம்.

பால்மரத்திலிருந்து செம்பனைக்கு

செம்பனை இந்த மண்ணின் மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1917-ஆம் ஆண்டு கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே அதை வாணிப முறையில் முதன்முதலாகப் பயிரிட்டார். ஆனாலும் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு இங்கே ரப்பர்தான் ராஜா.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை ரப்பர் சந்தைக்கு வந்தது. ரப்பரை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்பது அரசாங்கத்துக்கும் தோட்ட நிறுவனங்களுக்கும் புரிந்தது. 1956-இல் ஃபெல்டா அமைக்கப்பட்டது. 1961-இல் ஜொகூர், கூலாய் அருகே தாயிப் அண்டாக் நிலத்திட்டத்தில் ஃபெல்டா செம்பனையை நட்டது. தனியார் தோட்டங்களும் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனைக்கு மாறின. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மரம் என்ற நிலை உருவானது. ஒரே மரம் என்றால், அதைத் தின்னும் பூச்சிக்கு ஒரே பந்தி என்று பொருள்.

அந்தக் காலத்துத் தோட்டங்களுக்கு நஞ்சு புதிதல்ல. ரப்பர் தோட்டங்களில் லாலான் புல்லையும் மற்றக் களைகளையும் அழிக்க சோடியம் ஆர்சனைட் என்ற பாஷாண மருந்தைப் பல்லாண்டு காலம் அடித்திருக்கிறார்கள். போருக்குப் பின் டிடிடி, டீல்டிரின், எண்டிரின் போன்ற புதிய பூச்சிக்கொல்லிகள் வந்தன. விலை மலிவு, பட்டவுடன் பூச்சி சாகும், இலையில் பல நாள் தங்கி வேலை செய்யும். இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் அன்று நினைத்தார்கள். ஓலையில் சிறிது சேதம் தெரிந்தாலும் உடனே மருந்து என்பது வழக்கமாயிற்று.

பைக்குள் ஒளிந்த புழு

அப்போதுதான் பைப்புழு தலைதூக்கியது. மலாயில் இதை உலாட் புங்குஸ் என்பார்கள். பெயருக்கேற்ற பிறவி. முட்டையிலிருந்து வெளிவந்த புழு, இலைத் துணுக்குகளைத் தன் பட்டு நூலால் கோத்து ஒரு பை தைத்துக் கொள்ளும். தலையை மட்டும் வெளியே நீட்டி ஓலையைச் சுரண்டித் தின்னும். ஆபத்து என்றால் உள்ளே இழுத்துக் கொள்ளும். ஆண் பூச்சிக்கு இறகு முளைத்துப் பறந்து போகும். பெண்ணுக்கு இறகே கிடையாது. வாழ்நாள் முழுவதும் பைக்குள்ளேயே இருந்து, முட்டைகளையும் அங்கேயே இட்டுச் செத்துப் போகும். புழுக்கள் பெருகிவிட்டால் பச்சை மட்டைகள் தீயில் கருகியது போலப் பழுப்பேறி, நடுநரம்பு மட்டும் மிஞ்சும். பாதி ஓலையை இழந்த மரம் அடுத்த ஈராண்டுகளில் 40 விழுக்காடு வரை விளைச்சலை இழக்கக்கூடும்.

பைப்புழு அதற்கு முன்பும் இங்கே இருந்ததுதான். ஆனால், ஆங்காங்கே சிறிய அளவில் தோன்றி மறையும். 1950-களின் பிற்பகுதியிலிருந்து அது படையெடுப்பாக மாறியது. மருந்தடித்தார்கள். சில வாரங்கள் அடங்கிப் பிறகு முன்னிலும் அதிகமாக வந்தது. மறுபடியும் அடித்தார்கள். மறுபடியும் வந்தது.

இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர். செம்பனைப் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூலை 1968-இல் கோலாலம்பூரில் தோட்ட நிர்வாகிகளின் சங்கம் வெளியிட்டது. அவருடைய விளக்கம் எளிமையானது. பைப்புழுவுக்கு இயற்கையிலேயே எதிரிகள் இருக்கின்றன. சிறு குளவிகள் பைக்குள் முட்டையிட்டுப் புழுவை உள்ளிருந்தே அழிக்கும். கொலைகாரப் பூச்சிகள் தம் ஊசி வாயால் குத்தி உறிஞ்சிவிடும். மருந்து அடிக்கும்போது புழு பைக்குள் பதுங்கியிருக்கிறது. அந்தப் பையே அதற்குக் கவசம். ஆனால் குளவியோ ஓலை ஓலையாக அலைந்து திரியும் பிராணி. இலையில் பல நாள் தங்கும் மருந்து புழுவைவிடக் குளவியைத்தான் அதிகமாகக் கொன்றது. காவல்காரன் செத்தான், திருடன் பிழைத்துக் கொண்டான்.

இன்னொரு விளைவும் இருந்தது. சாதாரணமாக ஒரு தோட்டத்தில் முட்டை, சிறு புழு, பெரிய புழு, கூட்டுப்புழு எல்லாம் ஒரே நேரத்தில் கலந்திருக்கும். குளவிக்கு எந்நாளும் இரை கிடைக்கும். மருந்து அந்தக் கலப்பைக் குலைத்து, புழுக்களையெல்லாம் ஒரே வயதில் கொண்டுவந்து நிறுத்தியது. இடைப்பட்ட வாரங்களில் இரை கிடைக்காமல், மிஞ்சிய குளவிகளும் அழிந்தன.

அப்படியானால் என்ன செய்வது? நிறுத்துவது. இலையில் நெடுநாள் தங்கும் அந்த மருந்துகளைத் தோட்டங்கள் கைவிட்டன. தேவைப்பட்ட இடங்களில் மட்டும், குளவிகளைக் குறைவாகப் பாதிக்கும் மருந்துகளைப் பயன்படுத்தின. பைப்புழுத் தொல்லை படிப்படியாகத் தணிந்தது.

சபாவிலும் அதே கதை

ஏறக்குறைய அதே காலத்தில் அன்றைய வடபோர்னியோவான சபாவில் கார்டன் கான்வே என்ற இளம் பூச்சியியலாளர் வேலைக்கு வந்தார். தாவாவ் பகுதியில் காட்டை வெட்டிப் போட்டிருந்த புதிய கொக்கோ தோட்டங்களைத் துளைப்பான் புழுக்களும் பைப்புழுக்களும் நாசம் செய்து கொண்டிருந்தன. கடுமையான மருந்துகள் தொடர்ந்து அடிக்கப்பட்டன, பூச்சிகள் குறையவில்லை.

மருந்தை நிறுத்துங்கள் என்று அவர் ஆலோசனை சொன்னார். கண்ணெதிரே பயிர் அழியும்போது கையைக் கட்டிக் கொண்டிருக்கச் சொல்வதைக் கேட்க எந்த முதலாளிக்குத் துணிவு வரும்? ஆனாலும் கேட்டார்கள். பட்டையைத் துளைக்கும் புழு, தோட்டத்தைச் சுற்றி வளர்ந்திருந்த ஒருவகைக் காட்டுமரத்திலிருந்து வருவதைக் கண்டுபிடித்து அந்த மரங்களை அகற்றினார்கள். மற்றப் பூச்சிகளில் பலவற்றை ஒட்டுண்ணிக் குளவிகள் திரும்பி வந்து கவனித்துக் கொண்டன. கான்வே பின்னாளில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனத்துக்குத் தலைவரானார். நீடித்து நிலைக்கும் வேளாண்மைக்கு உலக அளவில் குரல் கொடுத்த அவர் 2023-இல் காலமானார். அவர் பாடம் படித்த இடம் சபாவின் கொக்கோ தோட்டம்.

அடிப்பதற்கு முன் எண்ணு

இந்த அனுபவங்களிலிருந்து ஒரு நடைமுறை பிறந்தது. முதலில் பார், பிறகு எண்ணு, அதற்குப் பிறகே முடிவு செய். தோட்டத்தில் ஏறக்குறைய நூறு மரங்களுக்கு ஒரு மரம் வீதம் தேர்ந்தெடுத்து, ஒரு மட்டையை வெட்டி, அதிலுள்ள புழுக்களை எண்ணுவார்கள். மெட்டிசா பிளானா என்ற சிறிய பைப்புழு மட்டைக்குப் பத்து, மஹாசேனா என்ற பெரிய பைப்புழு மட்டைக்கு ஐந்து என்பது நெடுங்காலம் பின்பற்றப்பட்ட அளவு. அதற்குக் கீழே என்றால் மருந்து வேண்டாம். காவல் பூச்சிகளே பார்த்துக் கொள்ளும். மேலே போனாலும், புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூட்டுப்புழுவாகித் தின்பதை நிறுத்திவிட்ட நேரத்தில் மருந்தடித்தால் பணம்தான் வீண். அடுத்த தலைமுறை இளம் புழுக்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதோடு பூச்செடிகளுக்கும் தோட்டத்தில் இடம் கிடைத்தது. குளவிக்குத் தேன் வேண்டும். பாதையோரம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கும் தர்னேரா போன்ற செடிகளை வளர்த்தால் குளவிகள் தோட்டத்தை விட்டுப் போகா. தரையில் ஒரு புல்லும் இல்லாமல் துடைத்து வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்ற பழைய எண்ணம் தவறு என்பதும் இதிலிருந்து தெரிந்தது. மரத்தைச் சுற்றிய வட்டமும் நடைபாதையும் சுத்தமாக இருந்தால் போதும். மற்ற இடங்களில் இருக்கும் மெல்லிய செடிகளும் பெரணிகளும் மண்ணையும் குளவியையும் காக்கும்.

சம்பளம் கேட்காத வேலைக்காரர்கள்

பூச்சிகளும் பறவைகளும் தோட்டத்துக்குச் செய்த உதவிக்கு இன்னும் மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லலாம்.

முதலாவது, காண்டாமிருக வண்டு. தென்னையின் குருத்தைக் குடைந்து மரத்தையே சாய்க்கும் இந்த வண்டு 1909-இல் பசிபிக் தீவான சமோவாவுக்குள் நுழைந்து, அங்குள்ள மக்களின் வாழ்வாதாரமான தென்னைகளை அழித்து வந்தது. 1963-இல் அலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் மலேசியாவில் அந்த வண்டின் புழுக்களைத் தாக்கும் ஒரு கிருமியைக் கண்டறிந்தார். 1967-இல் அந்தக் கிருமி சமோவாவில் பரப்பப்பட்டது. தென்னைச் சேதம் பெருமளவு குறைந்தது. மலேசிய மண்ணில் கிடைத்த நோய்க்கிருமி, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள தீவுகளின் தென்னையைக் காத்தது.

இரண்டாவது, கூன்வண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து செம்பனையைக் கொண்டு வந்தவர்கள், அதன் மகரந்தத்தைச் சுமக்கும் வண்டைக் கொண்டு வரவில்லை. ஆகவே இங்கே பல தோட்டங்களில் மனிதக் கையால் பூவுக்குப் பூ மகரந்தம் தூவினார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனில் ஆய்வு நடத்தி, இந்த வேலையைச் செய்வது ஒரு சிறிய கூன்வண்டு என்று உறுதி செய்தார். 1981-இல் ஜொகூர் குளுவாங்கில் அந்த வண்டு விடப்பட்டது. விரைவிலேயே அது தீபகற்பம் முழுவதும் பரவியது. கையால் மகரந்தம் தூவும் வேலை முடிவுக்கு வந்தது. கண்டபடி மருந்தடித்தால் இந்த வண்டும் சாகும் என்பதால், மருந்தைக் குறைக்க இன்னொரு காரணமும் கிடைத்தது.

மூன்றாவது, கூகை. எலிகள் செம்பனைப் பழத்தைக் கொறித்து எண்ணெய் விளைச்சலில் ஏறக்குறைய 5 விழுக்காட்டை விழுங்கும் என்பது ஒரு பழைய கணக்கு. எலி மருந்து வைத்தார்கள்; 1980-களில் அந்த மருந்துக்குப் பழகிப் போன எலிகள் தோன்றின. வெள்ளை முகமுள்ள கூகை, தீபகற்பத்தில் அதுவரை அரிதாகவே காணப்பட்ட பறவை. செம்பனை பரவி எலி பெருகியதும் அதுவும் பெருகத் தொடங்கியது. அதற்குப் பொந்து மரங்கள் இல்லாத குறையைத் தோட்டங்கள் மரப்பெட்டிகள் வைத்துத் தீர்த்தன. குஞ்சுகளோடு இருக்கும் ஒரு சோடி, ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்தால் கெட்ட சகுனம் என்று நம் பெரியவர்கள் விரட்டிய பறவைக்குத் தோட்டத்தில் கம்பம் நட்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

தோம்பு சுமந்த தோள்கள்

இவ்வளவும் பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும்.

1970-களில் பைப்புழுவுக்கு எதிராக ஒரு புதிய முறை வந்தது. மரத்தின் அடியில் துளையிட்டு, மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்தை உள்ளே ஊற்றி அடைத்துவிடுவது. மருந்து மரத்துக்குள் ஏறி ஓலைக்குப் போகும். ஓலையைத் தின்னும் புழு மட்டும் சாகும். வெளியே பறக்கும் குளவிக்கு ஆபத்தில்லை. பூச்சியியல் கணக்கில் இது மிகச் சிறந்த முறை. ஆனால் அந்த மருந்து மனித நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கடும் நஞ்சு. அதை அளந்து ஊற்றியவர் ஒரு தோட்டப் பாட்டாளி. குளவிக்குக் கிடைத்த பாதுகாப்பு அவருக்குக் கிடைத்ததா?

களைக்கொல்லியின் கதை இன்னும் வேதனையானது. பழைய பாஷாண மருந்துக்குப் பதிலாக 1960-களில் பாராகுவாட் வந்தது. புல்லில் பட்டால் ஓரிரு நாளில் கருகிவிடும். மனிதர் விழுங்கினால் சிறிதளவே போதும், நுரையீரலைச் சிதைத்துவிடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. சுவீடன் 1983-லேயே இதைத் தடை செய்தது. இங்கேயோ பெண்கள் காலைப் பெரட்டு முடிந்ததும் தோம்பில் மருந்தைக் கலந்து, முதுகில் ஏற்றிக் கொண்டு, வெயிலில் நிரை நிரையாக அடித்துப் போனார்கள். ஒழுகும் தோம்பு, நனைந்த சட்டை, புண்ணான முதுகு, உதிரும் நகம், மூக்கிலிருந்து இரத்தம் என்பவை தோட்டப்புறத்தில் தெரியாத சங்கதிகள் அல்ல. மருந்தின் பெயரைக் கேட்டால் "புல் மருந்து" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1974-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 1996-இல் கடும் நஞ்சுகளைக் கையாள்வதற்குத் தனி விதிகள் வந்தன. ஆனால் காகிதத்திலிருந்து அவை வெளிக்காட்டுக்கு வந்து சேர்வது வேறு விஷயம். முழங்கால் வரை காலணி, கையுறை, முகக்கவசம் அணிந்து நம் நாட்டு வெயிலில் நாள் முழுவதும் மேடு பள்ளம் ஏறி இறங்க முடியுமா என்று, விதி எழுதியவர்கள் அணிந்து பார்க்கவில்லை.

2002-இல் தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பும் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டன. நஞ்சூட்டப்பட்டவர்கள், வாய் அடைக்கப்பட்டவர்கள் என்பதே அதன் தலைப்பின் பொருள். அதே 2002-இல் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் முடிவு செய்தது. தோட்டத்துறையிலிருந்து எதிர்ப்பு வந்தது. மலிவான மாற்று இல்லை என்றார்கள். 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுநாள் தங்கும் பூச்சி மருந்துகள் விளைச்சலைக் கெடுக்கின்றன என்று தெரிந்ததும், சில ஆண்டுகளிலேயே அவை கைவிடப்பட்டன. பாராகுவாட் மனிதரைக் கெடுக்கிறது என்பதற்காக அதைக் கைவிட, அது வந்த நாளிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. புழுவை மட்டைக்கு இத்தனை என்று எண்ணினார்கள். தோம்பு சுமந்தவரின் நோயை எண்ணுவதற்குத் தோட்டக் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை. எண்ணப்படாதது கவனிக்கப்படவும் இல்லை.

சிறுதோட்டக்காரருக்கு யார் துணை?

பைப்புழு இன்னும் போய்விடவில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு பேராக், ஜொகூர் மாநிலங்களில் அது மீண்டும் பரவியது. 2013-இல் அரசாங்கம் அதை ஆபத்தான பூச்சி என்று பதிப்பித்து, நில உரிமையாளர்கள் அதைக் கட்டுப்படுத்துவதைச் சட்டக் கடமையாக்கியது. பைப்புழு எல்லைக் கல்லைப் பார்ப்பதில்லை. பெரிய தோட்டத்தில் ஆய்வாளர் உண்டு. எண்ணுவதற்கு ஆள் உண்டு. பக்கத்திலிருக்கும் ஐந்து ஏக்கர்க்காரருக்கு யார் உண்டு? ஓலை கருகியதைப் பார்த்ததும் அவர் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். கடைக்காரர் மருந்து விற்கத்தான் கடை வைத்திருக்கிறார். "இன்னும் மூன்று வாரம் பொறுத்திருங்கள்" என்று அவர் சொல்வார் என எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மலேசியச் செம்பனை வாரியம் சிறுதோட்டக்காரர்களுக்கென்று துனாஸ் என்ற ஆலோசனை அதிகாரிகளை வைத்திருக்கிறது. புழுவை மட்டும் தாக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தும் பயன்பாட்டில் இருக்கிறது. இந்தச் சேவைகளைக் கேட்டுப் பெறுவது சிறுதோட்டக்காரரின் உரிமை. நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் அந்த அதிகாரிகளின் பெயரையும் அலுவலகத்தையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

நம்மவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களை விட்டுப் பட்டணங்களுக்கு வந்துவிட்டோம். இன்று அங்கே தோம்பைச் சுமப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க முடியாத நிலை அவர்களில் பலருக்கும் உண்டு. பாராகுவாட் போய்விட்டது, ஆனால் அதனிடத்தில் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. அவற்றை அடிப்பவரின் உடல்நிலையைக் குறித்து வைக்க இப்போதாவது ஒரு பத்தி திறக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கும் தகுதி, அந்தத் தோம்பைச் சுமந்த தாய்மார்களின் பிள்ளைகளான நமக்கு நிறையவே இருக்கிறது.